நான் நிறுத்தாத மாத்திரை

பட்டுக்கோட்டை
14.2.2004

அன்பு மகள் சாஜிதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். சார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை சித்தீக்கும் குழந்தை ஆயிஷாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். ஆயிஷாவுக்குப் பல் முளைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை, தேங்காயெல்லாம் சிறுத்துவிட்டது. மற்றபடி சுகம் என்று முடித்திருப்பேன். முடியவில்லை. போனில் சொல்லத்தான் நினைத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக எனக்குக் குடலில் புண் என்பது போன புரட்டாசி வரை உனக்கும் அம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நான் கடைசி வரிசையில் கதவோரமாகவே நிற்பேன், பாதித் தொழுகையில் வயிறு இழுத்தால் வெளியே போய்விடலாம் என்று. போன ஆனியில் டாக்டர் மஞ்சள் மாத்திரையை இரண்டிலிருந்து நான்காக்கினார். ஆடியில் உன் மாமா இப்ராஹிம் சார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பெட்டி வந்தது. சோப்பு, தைலம், அம்மாவுக்குத் துணி, அடியில் இரண்டு பாட்டில். திராட்சை விதையும் பச்சைத் தேயிலையும் மஞ்சளும் சேர்ந்த கேப்சூல். கூடவே உன் சீட்டு. டாக்டரிடம் காட்டிவிட்டு, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தாய். நான் டாக்டரிடம் காட்டவில்லை. ஆனால் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அட்டைகளை நம் தேங்காய்க் கடைத் தராசு மேசை டிராயரில், எடைக்கல்லுக்குப் பின்னால் வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்கினேன். புரட்டாசிக்குள் வெளிக்குப் போகும்போது வந்த இரத்தம் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை முன் வரிசையில் போய் நின்றேன். தொழுது முடித்து வெளியே வரும்போது, என்ன மச்சான் வாசல் காவலை விட்டாச்சா என்று இப்ராஹிம் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். உடம்பு சரியில்லாமல் இருந்தது, மகள் சார்ஜாவிலிருந்து அனுப்பிய மருந்தில் சரியாகிவிட்டது என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆயுள் முழுக்க மாத்திரை தின்கிறவன் என்று சொல்வதைவிட, மருந்து அனுப்பும் மகளைப் பெற்றவன் என்று சொல்வது நன்றாக இருந்தது. பிறகு கடையிலும் குடல் புண், இரத்தம் என்று நோயைச் சொல்லி அதையே சொன்னேன்.

தங்கையனை உனக்குத் தெரியும். நம் கொட்டகையில் தேங்காய் உரித்தவர், பேராவூரணிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னை வாங்கி இப்போது நமக்கே காய் போடுகிறார். அவர் மகன் அன்பரசன் டிப்ளமோ முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனவன், இதே நோயோடு லீவில் திரும்பி வந்திருந்தான். கார்த்திகையில் தங்கையன் கடைக்கு வந்து நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சாக்கைத் தடவிக்கொண்டே கேட்டார். நான் உள்ளே போய் இரண்டாவது பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். உன் சீட்டைக் கொடுக்கவில்லை. அதில் மாத்திரை என்று இருந்தது, நான் தின்பது தெரிந்துவிடும். படி இறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, “அப்ப இங்கிலீஷ் மருந்த விட்டுடலாங்களா பாய்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன், சாஜிதா. அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், பிள்ளையும் மாத்திரையை நிறுத்திவிட்டான்.

தை பிறந்து இரண்டு வாரத்தில் அன்பரசனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஊசியில் அடங்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இருபத்து நான்கு வயது. செவ்வாய்க்கிழமை அவன் அம்மா அம்சம் நம் வீட்டுக்கு வந்தது, சண்டைக்கு என்று நினைத்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு தயங்கித்தான் வெளியே வந்தேன். அது கேட்டது இன்னொரு பாட்டில். மருந்து தீர்ந்து போனதால்தான் மறுபடி இரத்தம் போகிறது என்று நம்புகிறது. உன் அம்மா விவரம் தெரியாமல் உன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனேன். டிராயரிலிருந்த மாத்திரை அட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். பிள்ளை பாதியாகியிருந்தான். கட்டில் மேல் கைக்குட்டையைப் பிரித்து வைத்தேன். எல்லாம் காலி அட்டை, கடைசி ஒன்றில் மட்டும் ஆறு மாத்திரை. அவன்தான் முதலில் புரிந்துகொண்டான். “நீங்க நிறுத்தவே இல்லியா மாமா?” என்றான். இல்லை தம்பி என்றேன். தங்கையன் காலி அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அம்சம்தான், “இத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்” என்றது. சத்தமே போடாமல் சொன்னது. அங்கிருந்த சின்ன டாக்டரிடம் உன் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, உங்கள் மகள் எழுதியது சரி, இந்தச் செடிச் சத்துகள் கொஞ்சம் உதவலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் மருந்துக்குப் பக்கத்தில்தான், மருந்துக்குப் பதிலாக இல்லை, எதைச் சாப்பிட்டாலும் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். கிளம்பும்போது தங்கையன் வராந்தா வரை வந்தார். மடியிலிருந்து காலி பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தார். “ஒங்க மவ அனுப்புனது, பத்திரமா இருக்கட்டும்” என்றார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

ஊசியில் கொஞ்சம் குறைகிறதாம். வெட்டுவதா வேண்டாமா என்று திங்கள்கிழமை தெரியும். நேற்று ஜும்ஆவில் கதவோரம் போய் நின்றேன். வயிற்றுக்காக இல்லை. இப்ராஹிம் மறுபடி கேலி செய்தான். ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், சாகும் வரை சாப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இதை அன்று சொல்ல எனக்கு என்ன செலவு?

அம்சம் போன் செய்தால் பாட்டில் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. கோபப்பட்டுப் பேசினால் கேட்டுக்கொள், அது எனக்குச் சேர வேண்டியது. அன்பரசனுக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய். மாப்பிள்ளையிடமும் மறைக்க வேண்டாம். குழந்தைக்குக் குளிர் காற்றில் காதை மூடு. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும்.

இப்படிக்கு,
காலையில் இரண்டு, இரவில் இரண்டு மாத்திரை சாப்பிடும்
உன் அத்தா மூஸா