மூன்று அங்குல ஒயர்

இன்று காலை குளியலறைக் குழாயின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. நீங்கள் மாட்டிய குழாய்தான். மரை பாதியிலேயே இறுகிப்போனதால் மூக்கை வலப்பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு நிற்குமே, அதே குழாய். இத்தனை வருடமாகப் பக்கெட்டைச் சுவரோரம் தள்ளி வைத்துத்தான் தண்ணீர் பிடிக்கிறேன். ஸ்குரூ டிரைவர் தேடிப் பரண்மேல் இருந்த உங்கள் பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உங்கள் விரல்களில் இருக்கும் வாசனை அது. அந்த விரல்களோடு சோற்றில் கை வைப்பீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க என்று நான் கத்துவேன்.

டின்னில் எல்லாம் இருந்தன. கட்டிங் பிளேயர், டெஸ்டர், என்றாவது உதவும் என்று நிமிர்த்தி வைத்த ஆணிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். ஒன்று மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், காகிதத்தில் மடித்து நான் ஒளித்து வைத்திருந்த மூன்று அங்குலச் சிவப்பு ஒயர். அது இப்போது கடலூரில் நம் மகள் மலரிடம் இருக்கிறது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"இதுக்கெல்லாமா ஆளு வெப்பாங்க?" என்பீர்கள். வீட்டில் எது உடைந்தாலும் முதல் வார்த்தை அதுதான். ஒருமுறை ஒரு குழாய்க்காரர் "தோ வந்துட்டேன் சார்" என்று சொல்லி மூன்று வாரம் நம்மை வாசலைப் பார்க்க வைத்தார். அன்றைக்கு வந்த வீம்பு. வாரமெல்லாம் கல்லூரி ஆபீசில் ஃபைலோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு விடிந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவீர்கள். நீங்கள் சரிசெய்த அலமாரிக் கதவு ஒரு உதை வாங்காமல் மூடாது. கொசுவலை அடித்த ஜன்னலை அதற்குப் பிறகு திறக்கவே முடியவில்லை. ஃபேன் ரெகுலேட்டரின் திருகு உடைந்தபோது பேஸ்ட் மூடியை ஒட்டிவைத்தீர்கள். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். "ஓடுதா இல்லியா, அத்த மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். ஓடத்தான் செய்தது. அந்த ஃபேன் இப்போதும் பேஸ்ட் மூடியோடுதான் ஓடுகிறது.

அந்த ஐப்பசியை நினைத்துப் பார்க்கிறேன். மழை பிடித்தால் விடவில்லை. தூறல் விழுந்த பத்தாவது நிமிடம் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும் சுவிட்ச் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். விளக்கம் யாருக்கு வேண்டும்? தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். என் தையல் மெஷினைச் சுற்றி அறுபது ஜாக்கெட்டுக்குமேல் கிடந்தன. மோட்டார் நின்று நின்று போனது. எழுந்து போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் விழும். வாசலில் யாராவது வந்து நின்றுகொண்டு "அக்கா, என் துணி?" என்று கேட்பார்கள்.

"இந்தச் சனியனப் புடுங்கி எறியுங்களேன்" என்றேன்.

நீங்கள் உடனே ஏணியைத் தேடவில்லை. அதுதான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எதிலும் யோசிக்காமல் கை வைக்கும் ஆள், அன்றைக்கு மட்டும் யோசித்தீர்கள்.

"அது சும்மா விழலம்மா. எங்கியோ லீக் ஆவுது. ஒரு அரை நாள் மெயின ஆஃப் பண்ணிட்டு, ஒயர் ஒயரா தேடிப் பாக்கணும்" என்றீர்கள்.

"அரை நாளா? தீபாவளி முடியட்டும், அப்புறம் நீங்க தேடுங்க, கண்டுபுடிங்க, என்னா வேணா பண்ணுங்க. இப்ப எனக்குக் கரண்ட் வேணும்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு டின்னைத் திறந்து சிவப்பு ஒயரில் மூன்று அங்குலம் வெட்டினீர்கள். டார்ச் பிடித்தது நான். அந்தத் துண்டைப் பெட்டிக்குள் வைத்து முறுக்கி, கரண்ட் ட்ரிப் சுவிட்சுக்குள் போகாமல் நேராக வீட்டுக்குள் வரும்படி செய்துவிட்டீர்கள். "டைரக்ட் பண்ணிட்டேன். தீபாவளி வரைக்கும்தான்" என்றீர்கள். அதற்குப் பிறகு எவ்வளவு மழை பெய்தும் மெஷின் நிற்கவில்லை. அத்தனை ஜாக்கெட்டையும் சொன்ன தேதிக்குக் கொடுத்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு!

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு டெஸ்டரும் கையுமாக வந்து நின்றீர்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண வீட்டுத் துணி வந்திருந்தது. மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார், நாள் தள்ள முடியாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இன்னிக்கு வேணாம் என்றேன். அடுத்த ஞாயிறும் வந்து நின்றீர்கள். அன்றைக்கும் வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை நீங்கள் கேட்கவில்லை. அதற்கு நாள் இல்லை.

ஒரு புதன்கிழமை, சாயங்காலம். நீங்கள் ஆபீசிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஓட்டின்மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன், பாதியில் விட முடியாது.

"மழ வருது, துணிய எடுங்க" என்றேன்.

பின்கட்டுக் கொடி நீங்கள் கட்டியது. நைலான் கயிறு தொய்கிறது என்று நான் சொன்னதற்காக இரும்புக் கம்பியில் கட்டிக்கொடுத்தீர்கள். தண்ணி மோட்டாருக்குப் போகும் ஒயரும் நீங்கள் இழுத்ததுதான். இரண்டும் ஒரே கொக்கியில். காற்றில் ஆடி ஆடிக் கம்பி ஒயரைத் தேய்த்திருக்கிறது. அந்தக் கசிவைத்தான் ட்ரிப் சுவிட்ச் மழைக்கு மழை கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் அதன் வாயை அடைத்தோம்.

மெஷின் நின்றிருக்க வேண்டும். லைட் அணைந்திருக்க வேண்டும். ஒன்றும் நிற்கவில்லை. நீங்கள் ஈரக் கையோடு கம்பியில் கிடந்தபோது நான் லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க இவ்வளவு நேரமா என்று திட்டவும் செய்தேன். முடித்து நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒயரிங் பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்தார். அந்தத் துண்டைப் பிடுங்கி என்னிடம் நீட்டி, "யாரும்மா இத டைரக்ட் பண்ணது? இது மட்டும் இல்லன்னா சுவிட்ச் விழுந்து ஆளு பொழச்சிருப்பாரே" என்றார்.

"தெரியாதுங்க. கரண்டு வேலையெல்லாம் அவருதான் பாப்பாரு" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் கொஞ்சம்தான். ஆனால் அதிலேயே உங்களை முழுக்க மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒயரை டின்னில் போட்டு மூடினேன். மலருக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா அரைகுறையாக இழுத்த மோட்டார் ஒயர் கொடியில் உரசியது என்பதுதான். பிள்ளைக்குத் துக்கம் கோபமாகத் திரும்பியது. "ஒரு எலக்ட்ரீசியனக் கூப்புட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு. எல்லாம் எனக்குத் தெரியும்னு ஒரு வீம்பு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தன் கல்யாணத்தில் பெரியப்பா தாரை வார்த்தபோதும் அதையே முணுமுணுத்தாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடிபோன வீட்டில் உங்கள் படத்தை மாட்டவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். உங்களைத் திட்டியபடியே ஆறு வருடம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

போன மாதம் ஒருநாள் போன் செய்தாள். பேரப்பிள்ளைக்குக் காது குத்த இன்னும் நான்கே நாள். உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் விருப்பம். பந்தலுக்கு, சமையலுக்கு என்று பேசிக்கொண்டே வந்தவள் நடுவில், "மழ பேஞ்சா இங்க ஒரே ரோதனைம்மா, ட்ரிப் ஆயிக்கிட்டே இருக்குது. அவுரு ஏதோ வீடியோ பாத்துட்டு, ஒரு ஒயர் துண்டு போட்டு டைரக்ட் பண்ணிடலாம்ங்கறாரு. விசேஷம் முடிஞ்சதும் ஆளக் கூப்புட்டுப் பாத்துக்கலாமாம்" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"தொடாதீங்க, நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். டின்னை இறக்கி ஒயரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கடலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழை. சொல்லாமல் தடுத்துவிட ஏதாவது காரணம் கிடைக்குமா என்றுதான் ஆலப்பாக்கம் வரைக்கும் யோசித்தேன். கடவுள் சத்தியமாக அதைத்தான் யோசித்தேன். பிறகு பேரப்பிள்ளையின் முகம் வந்தது. இப்போதுதான் தவழ்ந்து எழுந்து, ஃபிரிட்ஜ், கதவு, எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் போனபோது மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். "அத்த, இது சும்மா அஞ்சு நிமிஷ வேல" என்றார். நான் முடிச்சை அவிழ்த்து ஒயரை டீப்பாயில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். நான் கேட்டதை, நீங்கள் தயங்கியதை, நான் டார்ச் பிடித்ததை, இரண்டு ஞாயிறு நீங்கள் வந்து நின்றதை, துணி எடுக்க அனுப்பியதை. மாப்பிள்ளை இறங்கி, டெஸ்டரை டீப்பாயில் வைத்தார்.

மலர் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒயரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாதான் தேடணும்னு சொன்னாரா?"

"ஆமா."

"ரெண்டு வாட்டியா?"

"ஆமாடி."

"ஆறு வருஷமா அவரத் திட்னேனே. நீ பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்த?"

கையை நீட்டினேன். அவள் ஒயரைத் தரவில்லை. "இது இங்கியே இருக்கட்டும், நீ கெளம்பு" என்றாள்.

மறுநாள் ஆள் வந்து பார்த்தானாம், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுவர் ஊறி பிளக் நனைந்திருந்ததாம். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். காதுகுத்துக்குப் போனேன். சாப்பிடச் சொன்னாள், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆனால் ஹாலில் உங்கள் படம் மாட்டியிருந்தது, மாலையோடு. கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆளைக் கூப்பிடாமல் ஆணியை அவளே அடித்தாள் என்று மாப்பிள்ளை சொன்னார். சுண்ணாம்பு பெயர்ந்து, பக்கத்தில் இரண்டு ஓட்டை வேறு. உங்கள் மகள்தான்.

அன்றோடு சரி. இன்றுவரை அவள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

அவளிடம்கூடச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், இரண்டாவது ஞாயிறு, விடியற்காலைத் தூறலில் துணி எடுக்கப் போனபோது என் விரல் சுருக்கென்றது. ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன். கையை உதறிக்கொண்டு, என்ன என்று எனக்குத் தெரிந்தே உள்ளே வந்தேன். சற்று நேரத்தில் நீங்கள் டெஸ்டரோடு வந்து நின்றீர்கள். சொன்னால் மெயினை ஆஃப் செய்துவிடுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வராது. திட்டவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

இப்போது நம் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறது. விழுந்தால் மெஷினை விட்டு எழுந்து, ஆள் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கொடிக்கு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன், தொய்கிறது, தொய்யட்டும். குழாய்க் கைப்பிடியை உங்கள் ஸ்குரூ டிரைவரால் நானே இறுக்கிவிட்டேன். மூக்கு இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓட்டில் சடசடவென்கிறது. ஆறு வருடமாகியும் முதல் சொட்டு விழுந்ததும் அந்த வார்த்தைதான் வாயில் வருகிறது. இப்போதும் வந்துவிட்டது. சத்தமாகவே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

துணி நனைகிறது. நானே போகிறேன்.