318 கேட்டு வாங்கு

ஆன்செல்மோ,

பருப்பு சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. போன வாரம் மாதிரி அடிபிடிக்க விடாதே. பதினொரு மணிக்கு சிலிண்டர்காரர் வருவார், காலி சிலிண்டரை வாசலில் எடுத்து வை. நான் முழங்கால் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்று கத்தியது தப்புதான். நவம்பரில் ஒரு வாரம் சிப்பியோனா கடற்கரை, அதுவும் நான் இருபத்திரண்டு கோடை ரூம் சுத்தம் செய்த அதே ஓட்டலில். "இந்தத் தடவை கட்டில்ல நீ படு, வேற யாராவது விரிக்கட்டும்" என்று ஆசையாகத்தான் சொன்னாய். "செத்தாலும் அங்க வரமாட்டேன்" என்றேன். காரணம் சொல்லவில்லை.

என் தம்பி ஃபெர்மின் இறந்த அன்று காலையிலேயே ஓட்டலுக்கு போன் செய்தாய். நான் சாயங்கால பஸ்ஸில்தான் வந்தேன். அதுவரை அவன் பக்கத்தில் நீதான் உட்கார்ந்திருந்தாய். ஏன் லேட் என்று இன்றுவரை கேட்டதில்லை.

"ஆகஸ்ட் மாசம், ஆள் இல்ல. மிச்ச ரூமை முடிச்சிட்டுப் போ" என்றாள் மேற்பார்வைக்காரி. ஒன்பது ரூம் இருந்தது. கடைசி ரூம் 318. விரித்த கட்டிலில் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். அழுகை வருவதற்குள் வெளியே காலடிச் சத்தம். எழுந்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன்.

போகலாம். ரத்து செய்யாதே.

ரெமேதியோஸ்

பி.கு.: டிராவல்ஸ் பெண்ணிடம் 318 கேள். நவம்பரில் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. போய்ச் சேர்ந்ததும் நீ கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வா, அவசரமில்லை. அந்தக் கட்டிலில் நான் இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை.