பெரிய எழுத்திலேயே இருக்கட்டும்

வாழவந்தி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ராஜ்குமாருக்கு, உன் தாய்மாமன் மாதையன் மலைமேலிருந்து எழுதுவது. இங்கே மழை நலம், மிளகுக்கொடி நலம், நான் சிங்கம். மற்றதைப் போகப்போக எழுதுகிறேன்.

"கம்ப்யூட்டரைத் தொடாதீங்க மாமா" என்று புனேயிலிருந்து போனில் உத்தரவு போட்டாய். தொட்டேன். காலையில் தட்டினால் மதியம் விழிக்கிற அந்தச் சோம்பேறியின் விண்டோஸை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, மூளை விடவில்லை.

ஏற்றியதும் திரையில் எழுத்தெல்லாம் பலாப்பழம் அளவுக்கு வந்தது. அன்றைக்கு நீ வீடியோவில் கூப்பிட்டபோது உன் முகம் கல்யாண பேனர் மாதிரி அகன்று நின்றது. நான் பதறினேன். உன் அம்மாவோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நொம்ப நல்லாயிருச்சுங்கண்ணா, இப்பத்தான் எம்பையன் மூஞ்சி தெரியுது" என்றாள்.

அரைகுறையாக விட நான் என்ன சேலத்து மெக்கானிக்கா? ஏற்காட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற நவீன் கடைக்குப் போனேன். திரையின் அளவை மாற்றவிடாமல் பூட்டிக் கிடக்கிறது என்று நான் விளக்கிய அழகில் நவீன் எழுந்தே நின்றுவிட்டான். டிரைவர் இல்லை, அதுதான் வியாதி என்று அவனுக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் பேசுகிற ஆள் அது. அது இல்லாவிட்டால் பெட்டி குத்துமதிப்பாகத்தான் படம் காட்டும். பென்டிரைவில் வாங்கி வந்து போட்டேன். அடுத்த முறை நீ திரையில் வந்தபோது உன் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. தைத்துக்கொள்.

உன் அம்மா வீராயி மட்டும் கெட்டுப்போச்சு என்றாள். புகையாட்டம் இருக்குது என்றாள். விடுவேனா? டிரைவரை எடுத்துத் திரும்பப் போட்டேன். ஒயரை மாற்றினேன். விண்டோஸையே இன்னொரு தடவை ஏற்றினேன். திரையைத் துடைத்துத் துடைத்து என் நல்ல வேட்டி நைந்துபோனது. "இன்னும் புகைதானுங்கண்ணா." காப்பித்தூள் கேட்டு வந்த பக்கத்து ஊட்டு மலர் எட்டிப் பார்த்து, "ஏனுங் மாமா, படம் கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே, எதுக்கு இந்தப் பாடு?" என்று சிரித்தாள்.

உன் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்க் குடைந்தேன், அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

கண்ணு, எஸ்டேட்டில் காப்பிக்கொட்டையிலிருந்து கறுப்புக் கொட்டை பொறுக்குவதை விட்டுவிட்டு அவள் களம் கூட்டப் போனது முதுகுவலியால் இல்லை. மூட்டையில் கறுப்பு கலந்து வருகிறதென்று கணக்கெழுதும் ரைட்டர்தான் மாற்றியிருக்கிறார். குப்பனூர் கண் முகாமுக்கும் எனக்குத் தெரியாமல் போய்வந்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரையாம், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். உன் வேலை நிரந்தரமாகும் வரை உனக்குத் தெரியக்கூடாதென்று, போனில் வாய் திறக்கமாட்டேன் என என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். செய்தேன். கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. இதோ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன எழுதுறீங்க என்றாள். நவீனுக்குப் புத்தி சொல்கிறேன் என்றேன்.

நல்ல டிரைவரைக் கழற்றிவிட்டேன். திரையில் பழையபடி பலாப்பழம்தான். அங்கிருந்தே சரிசெய்கிறேன் என்று நீ கைவைத்தால் ஒயரைப் பிடுங்கி எறிவேன். எவன் சொன்னாலும் மாற்றமாட்டேன்.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக எனக்குத் தெம்பில்லாமல் இல்லை. சேலமே வழிவிடும். ஆனால் கட்டு அவிழ்க்கும்போது அவள் யார் முகத்தில் விழிப்பது? என் முகத்தைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறாளே.

சேர்வராயன் சாமி உன் வேலையையும் பார்த்துக்கொள்ளும், உன்னையும் பார்த்துக்கொள்ளும். அதற்கு உன் அம்மாவின் கண் காணிக்கையாகத் தேவையில்லை, கண் அவளுக்குத்தான் தேவை. டிரைவர் இருக்கிற பென்டிரைவை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அவள் கண் தெளிந்த அன்று நீயே எடுத்துப் போடு சாமி.

உன் மாமன்,
மாதையன்.