பவுண்டு அபராதத்துக்கு ஒரு மதிப்பீடு

நண்பா,

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் சைக்ளோஸ்டைல் மையின் வாடை. அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கான படிவங்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். உடனே நினைவில் நீ வந்து நின்றாய்.

அப்போது ஜவ்வாது மலை யூனியன் ஆபீசில் நாம் இருவரும் கிளார்க்குகள். சந்தைக் கட்டணம், டீக்கடை லைசென்ஸ், மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டின் அபராதம்: எதில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். "அபராதத்த ஒன்றரை மடங்கா போடுங்கப்பா" என்றார் ஆணையர்.

நீ எழுந்தாய். "சார், அபராதம் கூட வரணும்னா மாடு கூட மேயணுமே. மாட்டுக்கு நோட்டீஸ் அனுப்பட்டுங்களா?"

பியூன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். எனக்கோ ஆணையர்மேல் கோபம். காகிதத்தில் தொகை ஏறினால், அதை எட்டுவதற்காகப் பவுண்டுக்காரர் சும்மா நிற்கும் மாட்டையும் ஓட்டி வருவார். முந்தின வருடம் அப்படித்தான் செய்தார். மலையில் ஒருவர் கொல்லையை எல்லார் ஏரும் சேர்ந்து உழும். சாமை விதைப்பில் சில ஜோடி மாடுகள் அடைபட்டதும், ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஊரே நின்றது. ஏழை தப்பு செய்வான் என்று நம்பிப் போடும் கணக்குக்கு வரவு என்று பெயர்!

"பணத்துக்கு எங்க போறது? நீயே சொல்லு" என்றார் ஆணையர்.

"சந்தையில மாட்டுக்குத் தண்ணித் தொட்டி கட்டுங்க சார். வெளிய மரத்தடில விக்கறவங்க உள்ள வருவாங்க. கட்டணம் தானா வரும்."

"வரவு கேட்டா செலவு சொல்றான் பாரு!"

"வரலன்னா என் சம்பளத்துல புடிச்சிக்கங்க."

"உன் சம்பளம் தொட்டி பூசக்கூட பத்தாது."

முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அபராதம் பழைய தொகையிலேயே நின்றது.

தொட்டி கட்டிய பிறகு வந்த முதல் சந்தை. வெயில் ஏறியும் ஆளில்லை. உன் முகம் வெளுத்தது. அப்புறம் ஊர்க்காரர்கள் புளி மூட்டைகளோடு வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒரு பெண் பொதிமாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உன்னைக் கேட்டாள்:

"ரசீது இருக்கட்டும். தொட்டிய வாரா வாரம் கழுவுவீங்களா?"

"நானே கழுவறேங்க்கா."

"பேன்ட்ட மடிச்சிக்கினா? பாக்கலாம். இந்தா காசு."

சொன்னபடியே கழுவினாய், பாசியில் வழுக்கி விழுந்தும். சந்தையே சிரித்தது, நீதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாய்.

டாக்டர் வராத ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

இப்போது நான் இருக்கும் இந்த அடிவாரத்து ஆபீசிலும் நேற்று அபராதத்தை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றவில்லை. பஸ் நிற்குமிடத்தில் பெண்களுக்குக் கட்டணக் கழிப்பறை கட்டலாம் என்று எழுதி, இன்று மேலதிகாரி மேசையில் வைத்தேன். முறைத்தார். முன்பென்றால் கத்தியிருப்பேன். இப்போது சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவர் படித்து முடிக்கும்வரை.