கிளட்ச் மேல் வைத்த கால்

8 ஜூலை 2025, செவ்வாய்

புது கிளட்ச் போட்டாயிற்று. மெக்கானிக் ஹமீது சுல்தான் காரை அக்காள்மடத்துக்கே ஓட்டிவந்து சாவியைக் கொடுத்தான். "நீங்களே பாத்துக்கங்க மாமா. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைக் கையால் அமுக்கினேன். முதலில் ஒரு விரற்கடை சும்மா போகணும், அப்புறம்தான் கெட்டிப்படணும். அந்தச் சும்மா போகிற தூரத்துக்குப் பேர்தான் பிளே. இருந்தது. ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டேன், கரகரப்பு இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரில் போட்டுக் காலை எடுத்தேன். எஞ்சின் டக்கென்று நின்றது. அப்படி நின்றால்தான் பிளேட் கவ்வுகிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரி. பின் சீட்டில்தான் ஆள் இல்லை.

எனக்கு எழுதப் படிக்க வராது. மகள் யுவராணி திருப்பூரிலிருந்து காரியத்துக்கு வந்தபோது இந்தப் போனில் மைக் பொம்மையைக் காட்டினாள். "இதை அமுக்கிட்டுப் பேசுங்கய்யா, அதுவே எழுதிக்கிரும். மனசுல வச்சுக்கிட்டே திரியாதீக." என் பெண்சாதி சோணையம்மாள் தினமும் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாள். அந்தத் தமிழில்தான் சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் நம்ம பேச்சு வந்துவிடுகிறது. வரட்டும். திரும்பப் படிக்கப் போவது யார்? நானா?

9 ஜூலை

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இன்று பகலில் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். மேல்பாகம் தேய்ந்து போய் ரிவிட் ஆணித் தலைகள் முள்ளு முள்ளாகத் தெரிகின்றன.

இதைக் கொடுக்கும்போது ஹமீது சொன்னான்: "தப்பா நினைக்காதீக மாமா. இது ஓடித் தேஞ்சது இல்ல. கால் வச்சே தேச்சது. கேபிளையும் இறுக்கி வச்சிருக்காக, பிளேயே இல்ல. வேற யாரும் வண்டி எடுத்தாகளா?"

சிரித்து வைத்தேன்.

10 ஜூலை, வியாழன்

விடியற்காலை ஐந்தரைக்குச் சாவியோடு வாசலில் நிற்கிறேன். எங்கே போக?

12 ஜூலை, சனி

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தோரு வருஷம் டாக்சி ஓட்டினேன். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ஏற்றித் தனுஷ்கோடியில் இறக்குவேன். எல்லாம் அடுத்தவர் வண்டி. ஒரு நாளும் கிளட்சில் காலை ஊன்றி ஓட்டியதில்லை. ஊன்றுகிற பயல்களை, "ஏலே, அது என்ன உங்க வீட்டு முக்காலியா?" என்று ஏசியிருக்கிறேன்.

சொந்த வண்டியில் வைத்தேன். அவளுக்காக.

செவ்வாய், வியாழன், சனி ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். கியர் மாற்றும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டினால் போதும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கண்ணாடியில் பார்ப்பேன். அதனால்தான் கேபிள் நட்டை நானே இறுக்கினேன். காலை எடுக்காமல் பாதி கிளட்சிலேயே ஊர்ந்து போவேன். பால் கிண்ணத்தை வைத்தால் சிந்தாது. "குலுக்காம கொண்டு போறீக டிரைவரே" என்பாள். வீட்டில் என்னங்க, பின் சீட்டில் ஏறிவிட்டால் டிரைவரே. அந்த ஒரு சொல்லுக்காக நூற்று நாற்பத்தொன்பது தடவை அப்படி ஓட்டினேன்.

மே இருபத்துநாலு நூற்று ஐம்பதாவது. ஒரு வாரமாகவே பிளேட் வழுக்கியது எனக்குத் தெரியும். சனிக்கிழமை போய்விட்டு வந்து ஞாயிறு ஹமீதிடம் வண்டியை விடுவோம் என்று இருந்தேன். அன்றைக்கு எழுந்திருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. பாம்பன் பாலத்தில் லீவுக் கூட்டம், வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஏற்றத்தில் நின்று நின்று எடுத்தேன். கருகிய நாற்றம் வந்தது. எஞ்சின் கத்துது, வண்டி நகரல. கத்துது, நகரல.

"என்ன டிரைவரே?"ன்னா.

"ஒண்ணுமில்ல, இந்தா போயிருவோம்"னேன்.

ஆம்புலன்ஸ் அந்த நெரிசலுக்குள்ள வந்து சேர அம்பது நிமிஷம். மண்டபம் தாண்டையில அவ கை சில்லுன்னு ஆயிருச்சு.

எல்லாரும் நோய் என்கிறார்கள். இந்தப் பிளேட்டை நான் யாரிடம் காட்ட?

15 ஜூலை

தப்புப் பண்ணிவிட்டேன் — தெரிந்தே. புதுப் பெடல் யாரோ வீட்டுப் பெடல் மாதிரி இருந்தது. பானெட்டைத் தூக்கி நட்டை மூணு சுற்று இறுக்கினேன். அப்புறம் பழையபடி ஆனது. பாலத்தடி வரைக்கும் பாதி கிளட்சிலேயே போய்த் திரும்பினேன். வண்டி குலுங்கவே இல்லை. கண்ணாடி இன்னும் அவள் முகத்துக்குத்தான் திரும்பி இருக்கிறது. அதில் வெறும் சீட்டு.

17 ஜூலை, வியாழன்

பாம்பன் பூங்கோதை போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் சோணையம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில், சின்ன வயசு. "அண்ணே, எம்புருசன் கடலுக்குப் போயிருது. ஊசி குத்திட்டு பஸ்ல நின்னு வர முடியலண்ணே, தலை சுத்துது. என்னையக் கூட்டிப் போறீகளா? உங்க வீட்டு மயினி சொல்லும், உங்க வண்டியில தூங்கிக்கிட்டே போகலாம்னு."

வண்டி சரியில்லைம்மா என்றேன்.

வண்டியா சரியில்லை?

22 ஜூலை

புது பிளேட் படிந்துவிட்டதா என்று பார்க்க ஹமீது வரச் சொல்லியிருந்தான். போனேன். பெடலைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு மாமா இறுக்குனது?"

"நான்தான். அப்பவும் நான்தான்." பாலத்தில் நடந்ததெல்லாம் சொன்னேன். கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"உங்க காலாலதான் கிளட்ச் போச்சு மாமா. இல்லேன்னு சொன்னா நீங்க நம்பவா போறீக? மத்ததை அல்லா அறிவான்." ஸ்பேனரை என் கையில் வைத்தான். "இந்தப் பிளேட்டு உங்களை என்ன செஞ்சுச்சு? இதையும் ஏன் கொல்றீக?"

நானே தளர்த்தினேன். மூணு சுற்று. லாக் நட்டை இறுக்கும்போதும் அவன் பிடிக்க வரவில்லை. பெடலை அமுக்கினேன். ஒரு விரற்கடை.

வீட்டுக்கு வந்து பூங்கோதைக்கு நான்தான் போன் பண்ணினேன்.

24 ஜூலை, வியாழன்

வழக்கம்போல ஐந்தரைக்குக் கிளம்பி, பாம்பனில் பூங்கோதையை ஏற்றினேன். பின் சீட்டில் உட்கார்ந்தாள். கிளம்பும் முன்னால் கண்ணாடியைத் திருப்பினேன், பின்னால் வரும் வண்டி தெரிகிற மாதிரி.

கியர் போட்டதும் இடது காலை எடுத்துத் தரையில் வைத்தேன். பாலம் முழுக்க அது பெடலைத் தேடிக்கொண்டே கிடந்தது, ஆனால் ஏறவில்லை. உச்சிப்புளி வேகத்தடையில் வண்டி ஒரு வெட்டு வெட்டியது.

"யாத்தே! குலுங்குதுண்ணே. மயினி பொய்யா சொல்லுச்சு?"

"குலுங்கட்டும்மா. நேரத்துக்குப் போயிருவோம்."

ஆறு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். சோணையம்மாளை ஒரு நாள்கூட ஏழரைக்கு முன்னால் நான் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.