பெரியவரின் இருமல்

மார்ச் 4, செவ்வாய்

பால் இரண்டு பாக்கெட். துணி சோப்பு. தரை துடைக்கும் மருந்து, இந்த மாதத்தில் இது இரண்டாவது பாட்டில்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மறுபடியும் ஈரம். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து இரண்டு கண்கள் பார்த்தன. பேசாமல் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். காப்பகத்திலிருந்து அழைத்து வந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. இத்தனை பெரிய வீட்டில் அந்த நாய்க்கு இன்னும் அந்த ஒரு சந்துதான் சொந்தம்.

காப்பகத்துப் பெண் அன்றைக்கே சொன்னாள்: "ஏழெட்டு வயசு இருக்கும்மா. வச்சிருந்தவங்க வீடு மாறினப்போ விட்டுட்டுப் போயிட்டாங்க. குட்டின்னா ஆளாளுக்கு வந்து கேப்பாங்க. இதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல." அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

நாய்க்குத் தாடி நரைத்திருப்பதால் என் வீட்டுக்காரர் அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இவருக்கு இப்படிப்பட்ட உத்தியோகம்தான். "பெரியவர் இன்னிக்காவது தரிசனம் குடுப்பாரா?" என்று மெஷினைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடுவதில்லை. இன்று தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. சாமி அறை வாசலில் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் தட்டு நகரும் சத்தம். நான் திரும்பவில்லை. தோத்திரம் முடிந்துபோயிற்று. சத்தம் நின்றால் ஓடிவிடுமோ என்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

சோற்றுக்காக ஒரே தோத்திரத்தை இரண்டு தரம் சொன்னதற்குச் சாமி மன்னிக்கணும்.

மார்ச் 15, சனி

என் சேலை நுனியை மோந்து பார்த்தது. இல்லை — பார்த்தார்.

மார்ச் 22, சனி

பெரியவருக்கு இருமல். தொண்டையில் சிக்கியதைக் கக்கப் போவது போல் கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறார். ஒன்றும் வருவதில்லை. இருமி முடித்ததும் தப்புச் செய்தது போல என்னைப் பார்க்கிறார். யார் இந்தப் பிள்ளையை அப்படி அடித்து வைத்திருப்பார்கள்?

பயம் இன்னும் நெஞ்சுக்குள் கட்டியிருக்கிறது போல. காலையில் மட்டும் போட்ட சாம்பிராணியைச் சாயங்காலமும் போட ஆரம்பித்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தேன். அவர் படுக்கையையும் சாமி அறைக்குள்ளேயே கொண்டுவந்து போட்டேன். வாஷிங் மெஷின் சந்தில் கிடப்பதைவிடச் சாமி காலடியில் கிடக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சுக்குழாய் புண்ணாகியிருக்கிறதாம், வயசும் ஒரு காரணமாம். மாத்திரையும் டானிக்கும் எழுதிக்கொடுத்தார். கிளம்பும்போது கேட்டார்: "வீட்ல யாராவது புகை பிடிக்கிறாங்களாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. "சாமி இருக்கிற வீடு டாக்டரம்மா. அந்த வாடையே எங்க வாசப்படி ஏறாது."

"அப்ப சரி" என்றார்.

சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை ஏன் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்?

மார்ச் 28, வெள்ளி

காலையில் நடந்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, சட்டையை மோந்து பார்த்தேன்.

"என்ன பண்றே?"

"பூங்கா பெஞ்சில உக்காந்து நாலு பேரோட பேசுறீங்களே, அவங்கள்ல யார் கையில சிகரெட் இல்ல?"

"அவங்க பிடிச்சா நான் என்னடி பண்ணுவேன்? நான் விட்டு எத்தனை வருஷமாச்சு!"

"விட்டவங்க திரும்பப் பிடிச்ச கதையெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வாயில்லாத ஜீவன் இருமறது உங்க காதுல விழலையா?"

மனுஷர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு உள்ளே போனார். இனிமேல் வெளியே போட்டுப்போகும் சட்டையைப் பின்பக்கமே கழற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். அந்தச் 'சரி'தான் நன்றாக இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலக் காகிதத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் யாரையும் கேட்காமல் முழுதும் புரிந்துகொண்டேன். எல்லாம் சரியாகத்தான் கொடுக்கிறேன். பிறகு ஏன் இருமல் நிற்கவில்லை?

ஒரு விஷயம் கவனித்தேன். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே எழுந்து பின்கதவுக்கு ஓடிவிடுகிறார். யாரோ நெருப்பைக் காட்டி மிரட்டியிருக்க வேண்டும், பாவிகள். பயப்படுகிற இடத்தில் கூடவே உட்கார்ந்திருந்து பழக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அதனால் இன்று சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு, கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முழுத் தோத்திரமும் சொன்னேன். முதலில் திமிறினார். பிறகு கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

அடங்கிப் படுத்தாரே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் இப்படிச் செய்தால் சரியாகிவிடும்.

ஏப்ரல் 10, வியாழன்

மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பெரியவர் நடக்கும்போதே நின்று நின்று போகிறார். சாமி, உனக்கு இன்னும் என்னதான் வேண்டும்?

ஏப்ரல் 16, புதன்

அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். நான் போனால்தான் ஆகும். பெரியவரை இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக மனசே இல்லை. தட்டு எது, தண்ணீர்க் கிண்ணம் எது, எந்த மாத்திரை எப்போது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். விளக்கு மட்டுமாவது ஏற்றுங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார். இவருக்கும் சாமிக்கும் எப்போதும் தூரத்துச் சொந்தம்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

அக்கா வீடு. போனில் கேட்டேன், இருமல் எப்படி என்று.

"இருமலா? ரெண்டு நாளா காணமே."

"என்கிட்ட பொய் சொல்லாதீங்க."

"வேணும்னா பெரியவர்கிட்ட குடுக்கறேன், நீயே கேட்டுக்கோ."

நான் கவலைப்படக் கூடாது என்று சொல்கிறார். எனக்குத் தெரியாதா இவரை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் வந்து சேர்ந்தேன். கேட்டைத் திறந்ததும் பெரியவர் வாலை ஆட்டிக்கொண்டு வாசல் வரை ஓடிவந்தார். ஓடி! ஒரு இருமல் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது — முதலில் எனக்கு முகம் வாடிப்போயிற்று. நான் விழுந்து விழுந்து பார்த்தபோது குணமாகாதது, இந்த மனுஷர் பேப்பர் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததில் குணமாகிவிட்டதா? பிறகு புத்தி வந்தது. சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குளித்துவிட்டு வந்தேன். ஊதுபத்தி ஒரு கொத்து. தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி, கை நிறைய.

தீக்குச்சி உரசினேன். எழுந்தார். என்னைப் பார்த்தார். பின்கதவுப் பக்கம் போனார்.

"வாங்க ராசா, நன்றி சொல்லிட்டுப் போலாம்" என்று தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

தோத்திரம் பாதிகூட ஆகவில்லை. இருமல். நிற்கவே இல்லை. நாக்கு நீலமாக — அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு, காற்றை இழுத்து இழுத்து. அப்போதுதான் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். விளக்குத் தெரியவில்லை. சாமி படம் தெரியவில்லை. அறை முழுக்க வெள்ளையாகப் புகை.

புகை. டாக்டரம்மா கேட்ட அதே வார்த்தை.

கதவைத் திறந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவர் செருப்புக்கூடப் போடாமல் வந்தார். துவைக்கும் கல் மேல் படுக்க வைத்து மின்விசிறியை இழுத்து வைத்தோம். ரொம்ப நேரம் கழித்து மூச்சு நிதானமானது. என் கையை நக்கினார். ஐயோ, ஏன்டா நக்கினே? அந்தக் கையாலதானே பட்டையைப் பிடிச்சு உக்கார வச்சேன். ஒரு நாளா ரெண்டு நாளா.

மே 2, வெள்ளி

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நான்தான் இன்னும் விவரமா கேட்டிருக்கணும்மா" என்றார். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். இனிமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். தடித்துப்போன குழாய் தடித்ததுதானாம். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மே 5, திங்கள்

மாதக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் 'சாமி' பக்கத்தில். மாத்திரை, டானிக் எல்லாம் 'பெரியவர்' பக்கத்தில். இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. பைசா பிசகாமல் நானே எழுதியவைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லையே எனக்கு.

சாமியைக் குறை சொல்லி என்ன? அவர் புகை கேட்டாரா? மூச்சு முட்டி ஒரு ஜீவன் கதவிடுக்கில் மூக்கை வைத்ததை அவர் சன்னிதியிலேயே பயம் என்று நானாகப் பேர் வைத்தேன். யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நானே படித்துப் புரிந்துகொள்கிறவள்.

இவரிடம் போய், "சட்டையை இனிமே உள்ளயே கழட்டிக்கோங்க" என்றேன்.

பேப்பரை இறக்கிப் பார்த்தார். "கடைசில இந்த வீட்ல புகை பிடிச்சது நீதானா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அடுக்களைக்குப் போன பிறகுதான் அழுகை வந்தது. பின்னாலேயே வந்து, பாத்திரம் துடைக்கிறவர் மாதிரி ஒரே டம்ளரை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டு நின்றார்.

மே 20, செவ்வாய்

சாமிக்குப் பூ மட்டும். எண்ணெய் விளக்குக்குப் பதில் சின்ன மின்விளக்கு ஒன்றை இவர் போட்டுக் கொடுத்தார். அடுப்புக்கு லைட்டர். தீப்பெட்டியைப் பரண் மேல் வைத்தாயிற்று. இருந்தாலும் பெரியவர் சாமி அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

மே 31, சனி

நாத்தனார் வந்திருந்தாள். "என்ன அண்ணி, வீட்டுக்குள்ள வந்தா ஒரு மணமே இல்ல? நாய்க்காகச் சாமிய பட்டினி போடுறீங்களா?" என்றாள். பழைய நானாக இருந்தால் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன். பூ எடுத்துக் கொடுத்தேன்.

பெரியவர் காலையில் மட்டும் இருமினார். மாத்திரை இருந்தும்.

ஜூன் 18, புதன்

நல்ல மழை. சாயங்காலமே இருட்டிவிட்டது, மின்சாரமும் போயிற்று. இவர் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் தோத்திரத்தை அறைக்கு வெளியே, கூடத்துத் தரையில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். பெரியவர் என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து படுப்பார். மூச்சு விடும்போது உள்ளே சின்னதாக ஒரு விசில் சத்தம் கேட்கும். அது இனிமேல் போகாது.

மெழுகுவத்தி தேடப் போனவள், ஒன்றும் யோசிக்காமல் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, வந்து உட்கார்ந்து, உரசிவிட்டேன். உரசிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன்.

பெரியவர் தலையைத் தூக்கியிருந்தார். நெருப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பின்கதவுப் பக்கம் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. தலையை மறுபடியும் என் முதுகோரத்தில் வைத்துக்கொண்டார்.

ஊதி அணைத்தேன். இவர் வந்து கதவைத் தட்டும்வரை இரண்டு பேரும் இருட்டிலேயே இருந்தோம்.