ஓடிக்கொண்டிருக்க வேண்டிய மெஷின்

ஜனவரி 8

இன்றும் பச்சைத் தண்ணீர்தான். நாள் முழுக்க லேபில் நின்று ரத்தம் எடுத்துவிட்டு வந்தால் இடுப்பு கழன்று விழுகிறது. ஒரு வாளி வெந்நீர் கேட்டது அவ்வளவு பெரிய ஆசையா? கீசரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம். மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதுமாம். அந்த அளவுக்கு எங்கோ நிலக்கரி எரிவது குறையுமாம். எல்லாம் ‘மாம்’தான்.

ஜனவரி 11

மெக்கானிக் வந்து பார்த்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லையாம். என் வீட்டுக்காரர் வேலை போனதிலிருந்து வீட்டில்தானே இருக்கிறார், பகலில் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று இவரிடம் கேட்டேன். “அதுக்கென்ன, நல்லாத்தான் ஓடுது,” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜனவரி 19

கரண்ட் பில் குறையவில்லை. கூடியிருக்கிறது! நான் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜனவரி 20

மெக்கானிக் மறுபடியும் வந்தார். மெஷினில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “யாரோ தினமும் காலைல ஆஃப் பண்ணி சாயங்காலம் போடுறாங்கக்கா. இது மெதுவா, நாள் பூரா ஓடணும். கடைசி நேரத்துல போட்டா சூடு ஏறாது. உள்ள இருக்கற ஹீட்டர் ராடு வேலை செஞ்சு கரண்ட்டைக் குடிச்சிடும்.”

யாரோவாம்! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மெக்கானிக் போனதும் இவரிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கணுமா, கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல —

“வீணா ஓடுதேன்னு நிறுத்தினேன்,” என்றார். “பில்லு குறைஞ்சு வந்ததும் சொல்லி உன்னை அசத்தலாம்னு பார்த்தேன். சம்பாதிக்கத்தான் வழியில்ல. மிச்சமாவது பிடிக்கலாமேன்னு...”



ஜனவரி 21

அசதி. இவர் சாப்பிடவில்லை.

ஜனவரி 23

வேலை போனதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை நான். சொல்லாமலே காட்டிவிட்டேனோ?

பிப்ரவரி 18

பில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷப்படத் தெம்பில்லை.

மார்ச் 2

வெந்நீரில் குளித்தேன். இடுப்பு கொஞ்சம் இளகியது. வெளியே வந்தால் இவரைக் காணோம். மாடி வீட்டு டீச்சரும் ஹீட் பம்ப் வைத்திருக்கிறார். மேலிருந்து இவர் குரல் கேட்டது.

“கை வெச்சு நிறுத்திடாதீங்க டீச்சர். அது பாட்டுக்கு ஓடட்டும். நான் நிறுத்திட்டு வீட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

டீச்சர் சிரித்தார். கூடவே இவரும். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

சாப்பிடக் கூப்பிடவில்லை, பேசிக்கொண்டிருக்கட்டும். தட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.